ஆரல்ஸ்க்: கடல் விலகிய ஊரும் அது போட்ட மணல் கரையும்

ஊரும் இந்த ஆய்வின் எல்லையும்

கஜகஸ்தானின் தெற்கில், கிசிலொர்தா மாகாணத்தில், ஆரல் மாவட்டத்தின் தலைநகரம் ஆரல்ஸ்க். ஏறத்தாழ 30,000 பேருக்கு மேல் வசிக்கும் சிறிய ஊர். சுற்றிலும் புல்லும் முட்புதரும் மணலுமான வெளி. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் ஆரல் கடல் எனப்படும் உப்பு ஏரி உறைந்து அதன்மீது வண்டி ஓடும். மாஸ்கோவிலிருந்து தாஷ்கண்ட் செல்லும் ரயில் பாதை ஊரின் நடுவே போகிறது. நிலையத்தின் பெயர் இன்றும் ‘ஆரல் கடல்’தான்.

ஆரல் கடல் வற்றிய கதை உலகறிந்தது. மணலில் சாய்ந்து கிடக்கும் துருப்பிடித்த கப்பல்களின் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தக் கதையில் ஆரல்ஸ்க் பெரும்பாலும் ஒரு காட்சிப் பொருளாகவே வந்துபோகிறது. அந்த ஊரின் மாவட்ட அலுவலகத்திலும் மீன் ஆலையிலும் கரையோரக் கிராமங்களிலும் இருந்தவர்கள் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், அதன் விளைவு என்ன என்பதை யாரும் வரிசைப்படுத்திப் பார்ப்பதில்லை. ஊர் தோன்றியதிலிருந்து இன்றுவரை அப்படி வரிசைப்படுத்த இங்கே முயல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களை அவர்கள் வகித்த பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

ரயில் கொண்டுவந்த ஊர்

ரயில் வருவதற்கு முன் இங்கே நகரம் என்று எதுவும் இல்லை. கஜக் மக்கள் குளிர்காலத்தில் கடலோர நாணல் காடுகளில் கால்நடைகளுடன் தங்கினார்கள். கோடையில் வடக்கே நகர்ந்தார்கள். மீன் பிடிப்பது ஏழைகளின் பிழைப்பாக இருந்தது. 1847இல் ரஷ்யப் படை சிர் தாரியா ஆற்றின் கீழ்ப்பகுதியில் ரைம் என்ற கோட்டையைக் கட்டியது. அடுத்த ஆண்டு புட்டகோவ் என்ற கடற்படை அதிகாரி, ஓரன்பர்க்கில் கட்டிய கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் புல்வெளி வழியே வண்டிகளில் கொண்டுவந்து, கடலை முதன்முறையாக முழுவதும் அளந்தார். அந்தப் பயணத்தில் ஓவியராகச் சென்றவர், நாடுகடத்தப்பட்டிருந்த உக்ரைன் கவிஞர் தராஸ் ஷெவ்செங்கோ. ஆரல் கடலின் கரைகளை அவர் வரைந்த ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன.

ஓரன்பர்க்–தாஷ்கண்ட் ரயில் பாதை 1906இல் திறக்கப்பட்டது. கடலின் வடகிழக்கே சரிஷிகனாக் விரிகுடா உள்ளே புகுந்து கிடக்கும் இடத்தில், பாதை தண்ணீரை ஒட்டிச் செல்கிறது. 1905இல் அங்கே எழுந்த நிலையம்தான் ஊரின் தொடக்கம். கடலில் பிடித்த மீனை உப்பிட்டு அன்றைக்கே ரயிலில் ஏற்றலாம் என்ற நிலை வந்ததும் வணிகர்கள் வந்தார்கள், கிடங்குகள் வந்தன, படகு கட்டும் துறை வந்தது. தெற்கே ஆமூ தாரியா முகத்துவாரத்திலிருந்து பருத்தி கப்பலில் வந்து இங்கே ரயிலுக்கு மாறியது. அருகிலிருந்த உப்பு ஏரிகள் மீனுக்கு வேண்டிய உப்பைக் கொடுத்தன. மீன், உப்பு, ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கூடியதே இந்த ஊரின் முதலீடு.

1921 அக்டோபரில், வோல்காக் கரையில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, லெனின் ஆரல் மீனவர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். மீனவர்கள் 14 ரயில் பெட்டிகள் நிறைய மீன் அனுப்பினார்கள். நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் அந்த நிகழ்ச்சியை வண்ணக் கற்களால் பதித்த பெரிய சுவர்ச் சித்திரம் இருக்கிறது. திடமான தோள்களுடன் ஆண்களும் பெண்களும் மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பிறர் பசி தீர்த்த ஊர் என்ற பெருமை ஆரல்ஸ்க்கின் தன்னுணர்வில் ஆழப் பதிந்த ஒன்று. பின்னால் எடுத்த சில முடிவுகளை அந்தப் பெருமையைத் தெரிந்துகொள்ளாமல் புரிந்துகொள்ள முடியாது.

1938இல் ஆரல்ஸ்க் நகர அந்தஸ்து பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, சோவியத் தூரகிழக்கிலிருந்து வேரோடு பெயர்த்து நாடுகடத்தப்பட்ட கொரியர்களில் மீனவக் குடும்பங்கள் சிலவற்றை இந்தக் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். போர்க்காலத்தில் ஆண்கள் முனைக்குப் போக, பெண்களும் கிழவர்களும் வலை இழுத்தார்கள். போர் முடிந்த பின் மீன் ஆலை விரிவடைந்தது. கப்பல் பழுதுபார்க்கும் துறை, பள்ளிகள், மருத்துவமனை, கடலோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டுப்பண்ணை என்று மாவட்டம் முழுவதும் மீனைச் சுற்றியே வளர்ந்தது. 1960ஐ ஒட்டி ஆரல் கடல் முழுவதிலும் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் பிடிபட்டது.

கடல் விலகியபோது கண்டவை

1960இல் கடலின் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்துக்கு மேல் 53 மீட்டர். ஆமூ தாரியாவும் சிர் தாரியாவும் சேர்ந்து ஆண்டுக்கு 50 கன கிலோமீட்டருக்கு மேல் நீரைக் கொண்டுவந்தன. பருத்திக்கும் நெல்லுக்கும் புதுப்புது வாய்க்கால்கள் வெட்டி அந்த நீரை வயலுக்குத் திருப்பியது மாஸ்கோவில் எடுத்த முடிவு. கடல் சுருங்கும் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். சுருங்கினால் போகும் மீனைவிட விளையும் பருத்திக்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். ஆரல்ஸ்க் அந்தக் கணக்கில் ஒரு செலவு. அதை ஊரிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் சில ஆண்டுகளில் ஊருக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. கடல் ஏறுவதும் இறங்குவதும் முன்பும் உண்டு என்று பெரியவர்கள் நம்பினார்கள். அது தவறான நம்பிக்கையும் அல்ல, முந்தைய நூற்றாண்டுகளில் அப்படி நடந்திருக்கிறது. அதனால் துறைமுகத்தில் ஆழம் குறைந்தபோது எடுத்த நடவடிக்கை தூர்வாருவதாக இருந்தது. கடல் பின்வாங்கப் பின்வாங்க, கப்பல் வந்துபோகும் கால்வாயை அதன் பின்னாலேயே நீட்டிக்கொண்டு போனார்கள். விரிகுடா மேடானது, நீர் ஓடிய வேகத்துக்குத் தூர்வாரும் இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை. 1970களில் துறைமுகம் வறண்டது. கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

மீன் போனது இன்னொரு வழியில். நீர் குறையக் குறைய உப்பு ஏறியது. லிட்டருக்கு 10 கிராம் அளவில் இருந்த உப்பு மூன்று மடங்கானது. ஆழம் குறைந்த கரையோரங்களும் ஆற்று முகத்துவாரங்களும்தான் கெண்டை வகைகளும் சூடாக் மீனும் முட்டையிடும் இடங்கள். முதலில் காய்ந்தவையும் அவையே. 1980களின் தொடக்கத்தில் வணிக மீன்பிடிப்பு முற்றிலும் நின்றுவிட்டது. வெளிப்பட்ட கடலடியிலிருந்து கிளம்பிய உப்புத் தூசி ஊரை மூடியது. மாவட்டத்தில் காசநோயும் இரத்தசோகையும் கூடின. சில கிராமங்களை மணல் வீட்டுக் கூரை வரை மூடியது.

இடையில் 1971இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு கோடையில் ஆய்வுக் கப்பல் ஒன்றில் கடலைச் சுற்றிவந்த இளம் பெண் ஆய்வாளர் காய்ச்சலுடன் ஆரல்ஸ்க் திரும்பினார். வந்தது பெரியம்மை. 10 பேருக்குத் தொற்றியது. தடுப்பூசி போடாத ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஊர் அடைக்கப்பட்டது. போக்குவரத்து நிறுத்தப்பட்டு, சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 50,000 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. கடலின் நடுவே வோஸ்ரோஷ்டெனியா தீவில் இருந்த உயிரி ஆயுதச் சோதனைக் களமே இதன் தோற்றுவாய் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஊருக்கு அப்போது எதுவும் சொல்லப்படவில்லை. செய்தி வெளியே வர 30 ஆண்டுகள் ஆயின. தன் கடலுக்கு என்ன நடக்கிறது என்பதை அறியும் உரிமை அந்த ஊருக்கு எந்த அளவுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் முடிவு: வேற்றுக் கடலின் மீன்

மீன் நின்றதும் ஆலையை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பால்டிக் கடலிலிருந்தும் ஆர்க்டிக்கிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் உறைந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவந்து, ஆரல்ஸ்க்கில் பதப்படுத்தி, டின்னில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் மீனவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கஜகஸ்தானின் கிழக்கே பல்காஷ் போன்ற ஏரிகளுக்கு மாதக்கணக்கில் மீன்பிடிக்க அனுப்பினார்கள்.

பொருளாதாரக் கணக்கில் இது அபத்தம் என்று எழுதாதவர்கள் குறைவு. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. ஆலை ஓடிய வரை சம்பளம் வந்தது. குடும்பங்கள் சில போனாலும் ஊர் கலையவில்லை. மீனை அறுக்கவும் பதப்படுத்தவும் தெரிந்த பெண்களும், வலை பின்னத் தெரிந்த ஆண்களும், பனிக்கட்டிக்கு அடியில் வலை விடும் நுட்பமும் ஒரு தலைமுறை தாண்டி உயிரோடு இருந்தன. பின்னால் கடல் திரும்பியபோது தொழிலை யாரும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை என்றால் அதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஆண்டுகளில் வேறு எதுவும் செய்யப்படவில்லை என்பதுதான் பெரும் குறை. வாங்கிய காலம் வீணாகப் போனது. மாற்றுத் தொழில் பற்றிய திட்டம் இல்லை, கடலின் எந்தப் பகுதியையாவது காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி மாவட்ட அளவில் பேசப்படவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. ரயில் கட்டணம் யாருடைய கணக்கிலும் அடங்கவில்லை. உறைந்த மீன் வரத்து நின்று, ஆலையும் சரிந்தது. ஊரை விட்டு வெளியேறுவது அப்போதுதான் வேகமெடுத்தது. ஒட்டகமும் குதிரையும் வளர்த்தவர்களும், உப்பு வெட்டப் போனவர்களும், ரயில்வேயில் வேலை இருந்தவர்களும் தாக்குப்பிடித்தார்கள்.

இரண்டாம் முடிவு: மணல் கரை

1980களின் இறுதியில் கடல் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே சிறு கடல், தெற்கே பெரும் கடல். சிறு கடலுக்கு சிர் தாரியா. பெரும் கடலுக்கு ஆமூ தாரியா. இரண்டுக்கும் நடுவே இருந்த பெர்க் நீரிணை ஒரு குறுகிய ஓடையானது. சிர் தாரியாவின் நீர் சிறு கடலில் விழுந்து, அந்த ஓடை வழியே தெற்கே வழிந்து, பரந்த சமவெளியில் ஆவியாகிப் போனது.

இங்கேதான் ஒரு எளிய கணக்கு முக்கியமாகிறது. அந்த வறண்ட வெளியில் ஒரு நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஆவியாகும். சிறு கடலின் பரப்பு சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் என்றால், அதை நிலைநிறுத்த ஆண்டுக்கு 3 கன கிலோமீட்டர் நீர் போதும். எல்லாப் பாசனத்துக்கும் பிறகு சிர் தாரியா பெரும்பாலான ஆண்டுகளில் அதைவிட அதிகமாகவே கொண்டுவந்தது. முழுக் கடலைக் காப்பாற்ற நீர் இல்லை. வடக்குப் பகுதியைக் காப்பாற்ற இருந்தது. வழியும் இடத்தை அடைத்தால் போதும்.

விஞ்ஞானிகள் சிலர் இதை முன்பே எழுதியிருந்தார்கள். அதைச் செய்யத் துணிந்தது மாவட்டம். 1992இல் மாவட்ட நிர்வாகம் கைவசம் இருந்த மண்வெட்டும் இயந்திரங்களைத் திரட்டி, பெர்க் நீரிணையின் குறுக்கே மணலைக் கொட்டிக் கரை எழுப்பத் தொடங்கியது. நாடு புதிது, கஜானா காலி, டீசலுக்குத் தட்டுப்பாடு. முறையான பொறியியல் வரைபடம் இல்லை, வெளிநாட்டுக் கடன் இல்லை. ஊரில் கல் கிடைக்காது, மணல் கிடைக்கும். அதனால் மணலால் கட்டினார்கள்.

கரை நின்ற காலங்களில் விளைவு கண்முன் தெரிந்தது. சிறு கடல் ஏறியது. முகத்துவாரத்தை ஒட்டி நாணல் முளைத்தது. உப்பு குறைந்தது. கரையோரக் கிராமங்களுக்குப் பறவைகள் வந்தன. ஆனால் கரைக்குக் கலிங்கு இல்லை. வெள்ளம் கூடிய ஆண்டில் உபரி நீரை அளவாக வெளியேற்ற மதகும் இல்லை. அதனால் நீர் ஏறினால் கரையையே அரிக்கும். பலமுறை உடைப்பு எடுத்தது. பலமுறை அதே மணலைக் கொண்டு அடைத்தார்கள்.

இன்னொரு சிக்கல் மேலே, மலையில் இருந்தது. சோவியத் காலத்தில் கிர்கிஸ்தானின் டோக்டோகுல் அணை கோடையில் பாசனத்துக்கு நீர் விட்டது. நாடுகள் பிரிந்த பின், குளிர்கால மின்சாரத்துக்காகக் கிர்கிஸ்தான் குளிரில் நீர் விட வேண்டியதாயிற்று. சமவெளியில் ஆறு உறைந்து கிடக்கும்போது வரும் வெள்ளம் கரைகளை உடைத்து ஊர்களில் புகும் என்ற அச்சத்தால், உபரியை சர்தாரா அணையிலிருந்து உஸ்பெகிஸ்தான் பக்கத்து அர்னசாய் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கடலுக்கு வரவேண்டிய நீர் பள்ளத்தில் தேங்கியது. மாவட்டம் எவ்வளவு மணல் கொட்டினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

யாரும் தொடாத மீன்

அதே ஆண்டுகளில் கடலுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1979 முதல் சில ஆண்டுகள் அசோவ் கடலிலிருந்து கம்பாலா என்ற தட்டை மீனைக் கொண்டுவந்து ஆரலில் விட்டிருந்தார்கள். உப்பு ஏறிய நீரில் மற்ற மீன்கள் செத்தபோது கம்பாலா பெருகியது. பிடிக்கத்தான் ஆள் இல்லை. மீனவர்களிடம் அதற்கேற்ற வலை இல்லை; படகு இல்லை. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும் அந்த மீனை உண்ணும் வழக்கமும் அங்கே கிடையாது.

1990களின் நடுவில் டென்மார்க்கைச் சேர்ந்த சிறு படகு மீனவர்கள் சிலர் இங்கே வந்தார்கள். தட்டை மீன் பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சியில், கம்பாலாவுக்கான செவுள் வலைகளைக் கொடுத்து, பிடிக்கும் முறையையும் சுத்தம் செய்யும் முறையையும் காட்டித் தந்தார்கள். ஊர் மீனவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். மீன் வாங்கும் நிலையங்கள் மெல்லத் திறந்தன.

இது பெரிய தொகை புழங்கிய திட்டம் அல்ல. ஆனாலும் ஊரின் மீட்சியில் இதற்கு உரிய இடத்தைப் பலர் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். ஏறத்தாழ பதினைந்து ஆண்டாகத் தங்கள் கடலில் இறங்காதிருந்தவர்கள் மீண்டும் இறங்கினார்கள். கடலில் மீன் இருக்கிறது என்பதைத் தங்கள் கையாலேயே காட்ட அவர்களால் முடிந்தது. அணை கேட்டு மாவட்டம் தலைநகரத்துக்கு எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் அது எடை கூட்டியது.

1999 உடைப்பு

1999 வசந்தத்தில் சிறு கடல் அதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்து, சுமார் 43 மீட்டர் மட்டத்தை எட்டியது. ஏப்ரலில் வீசிய புயலில் அலைகள் கரையை அரித்தன. மணல் கரை உடைந்து பெருமளவு அடித்துச் செல்லப்பட்டது. ஏழு ஆண்டு சேர்த்த நீர் தெற்கே ஓடியது. இந்த முறை அதைத் திரும்ப அடைக்க மாவட்டத்தால் இயலவில்லை.

அப்போதைய நிலையில் இதைத் தோல்வி என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். எனினும் அந்த ஏழு ஆண்டுகளின் நீர்மட்ட அளவுகளும் உப்பின் அளவும் பதிவாகியிருந்தன. அடைத்தால் சிறு கடல் ஏறுமா, எவ்வளவு வேகத்தில் ஏறும், எந்த மட்டத்தில் கரை தாங்காது, எங்கே மதகு வேண்டும் என்ற கேள்விகளுக்கு மணல் கரை விடை கொடுத்துவிட்டிருந்தது. எந்த ஆய்வறிக்கையாலும் அதைவிட நம்பகமாகச் சொல்லியிருக்க முடியாது.

கோக்கரல் அணை

கஜகஸ்தான் அரசும் உலக வங்கியும் சேர்ந்து 2001இல் சுமார் 8.6 கோடி டாலர் மதிப்பில் ஒரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. அதில் பாதி வேலை கடலில் இல்லை, ஆற்றில். சிர் தாரியாவின் குறுக்கே இருந்த பழைய நீர்த்தேக்கங்களையும் மதகுகளையும் பழுதுபார்த்து, கரைகளை உயர்த்தி, ஆறு குளிர்காலத்திலும் அதிக நீரைத் தாங்கும்படி செய்வதே அது. டோக்டோகுல் விடும் நீர் அர்னசாய்க்குப் போகாமல் கடலுக்கு வந்து சேர வேண்டும் என்பது நோக்கம். மணல் கரை போட்டவர்களின் சக்திக்கு அப்பாற்பட்டிருந்த பகுதி இதுதான்.

பெர்க் நீரிணையில் மணல் கரை இருந்த இடத்திலேயே 13 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மண் அணை எழுந்தது. அதுதான் கோக்கரல் அணை. இம்முறை கான்கிரீட்டால் கட்டிய கலிங்கும் மதகுகளும் இருந்தன. 42 மீட்டருக்கு மேல் ஏறும் நீர் தெற்கே திறந்துவிடப்படும். 2005 ஆகஸ்டில் வேலை முடிந்தது. நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். 7 மாதங்களில் நிரம்பிவிட்டது.

42 மீட்டர் என்ற மட்டத்தைத் தேர்ந்ததில் ஒரு சமரசம் இருக்கிறது. இன்னும் உயர்த்தியிருந்தால் கடல் ஆரல்ஸ்க் துறைமுகத்தை நெருங்கியிருக்கும். செலவும் கூடியிருக்கும்; தெற்கே போகும் நீரும் குறைந்திருக்கும். கையில் இருந்த பணத்துக்கும் உறுதியாக வரும் நீருக்கும் ஏற்ற மட்டத்தில் நின்றார்கள். முதல் கட்டம் வெற்றி பெற்றால் இரண்டாம் கட்டத்தில் உயர்த்தலாம் என்ற பேச்சும் அப்போதே இருந்தது.

பின்விளைவு

உப்பு குறைந்ததும் சூடாக், கெண்டை வகைகள், மற்ற நன்னீர் மீன்கள் திரும்பின. அவை எங்கிருந்தும் கொண்டுவரப்பட வேண்டியிருக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் முகத்துவார ஏரிகளிலும் தப்பிப் பிழைத்திருந்தவை கடலுக்குள் இறங்கின. மாவட்டத்தில் இயங்கிய குஞ்சு பொரிப்பகமும் துணைசெய்தது. உப்பை விரும்பிய கம்பாலா அருகிப்போனது. 2005இல் 700 டன்னை ஒட்டியிருந்த மீன் வரத்து, 2016இல் 7,000 டன்னைத் தாண்டியது. ஆரல்ஸ்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலைகள் மீண்டும் திறந்தன. சூடாக் துண்டுகள் ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன.

மீன்பிடிப்பின் உச்சம் குளிர்காலம். உறைந்த கடலின்மீது மீனவர்கள் பழைய ஜீப்களில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகிறார்கள். இரும்புக் கம்பியால் பனியைக் குத்தி வரிசையாகத் துளையிட்டு, நீண்ட கழியைக் கொண்டு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கயிற்றைக் கடத்தி, அதன் பின்னால் வலையை இழுத்து விடுகிறார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து இழுக்கும்போது, வெளியே வந்த மீன் நிமிடங்களில் விறைத்துவிடுகிறது. குவித்து வைத்து எண்ணி, கரையில் காத்திருக்கும் வாங்குபவரிடம் எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். நாள் முழுவதும் ஈரக் கையோடு அந்தக் குளிரில் நிற்கும் வேலை. அதைச் செய்ய இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி.

கசப்பான பகுதியும் உண்டு. கடலைப் பகுதிகளாகப் பிரித்து அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர்களிடம் ஒதுக்கீடும் வண்டியும் பணமும் இருக்கின்றன. வலை விடும் மீனவர் அவர்களுக்கே விற்க வேண்டியவராகிறார். அனுமதி அளவுக்கு மேல் பிடித்துக் கணக்கில் காட்டாத மீன் எவ்வளவு என்பது தீராத சச்சரவு. கடல் திரும்பிய லாபம் சமமாகப் போய்ச் சேரவில்லை.

ஊர் வளர்ந்ததற்குக் கடல் மட்டும் காரணமல்ல. மேற்கு ஐரோப்பாவையும் மேற்குச் சீனாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஆரல்ஸ்க்கைத் தொட்டுச் செல்கிறது. லாரிகள் நிற்கின்றன, உணவகங்களும் தங்கும் விடுதிகளும் வந்திருக்கின்றன. உப்பு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீரைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் குழாய்த் திட்டம் குடிநீர்ப் பிரச்சினையைப் பெருமளவு தணித்தது. காய்ந்த கடலடியில் சாக்ஸவுல் மரங்களை நட்டு மணலைப் பிடித்து நிறுத்தும் பணி தொடர்கிறது. துறைமுகத்தில் பழைய மீன்பிடிக் கப்பல்கள் சிலவற்றைச் சாயம் பூசி மேடையில் ஏற்றி, பக்கத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

தெற்குப் பகுதியையும் சொல்லியாக வேண்டும். உஸ்பெகிஸ்தானில், கரகல்பக்ஸ்தானின் மொய்னாக்கும் இதே போன்ற மாவட்டத் தலைநகரம்; அதற்கும் துறைமுகமும் மீன் ஆலையும் இருந்தன. இன்று அங்கிருந்து நீர் 100 கிலோமீட்டருக்கு அப்பால். கோக்கரல் அணை பெரும் கடலைக் கொல்லவில்லை; அதற்கு ஆமூ தாரியா வராமல் போனதே காரணம். இருந்தாலும் சிர் தாரியாவின் நீரை வடக்கே நிறுத்துவது என்ற முடிவு, தெற்கைக் கைவிடுவதை ஒப்புக்கொண்ட முடிவும்கூட. இரண்டில் ஒன்றையாவது காப்போம் என்று தீர்மானித்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் மொய்னாக்கில் இருக்கிறார்கள் என்பதை வடக்கின் வெற்றியைப் பாராட்டும்போது மறைக்கக் கூடாது.

திரும்பச் செய்வதானால்

மணல் கரையை 1992இலேயே போட்டது சரியான முடிவு. பத்தாண்டு முன்பு போட்டிருந்தால் இன்னும் சரி. இயந்திரமும் டீசலும் பொறியாளர்களும் அரசிடம் தாராளமாக இருந்த காலம் அது. உறைந்த மீனை ரயிலில் ஏற்றிவந்த செலவில் ஒரு பகுதி போதுமானதாக இருந்திருக்கும். அப்போது அதைக் கேட்கும் அதிகாரம் மாவட்டத்துக்கு இல்லை. நீர் பற்றிய தகவலும் அதன் கையில் இல்லை.

மணல் கரையில் சிறிய அளவிலாவது ஒரு கலிங்கு வைத்திருக்க வேண்டும். பண்டைய பாசன ஊர்கள் எல்லாம் அறிந்த பாடம் இது. மரத்தாலும் நாணற்கட்டுகளாலும் தற்காலிகமாக அமைத்திருந்தாலும், 1999 வெள்ளத்தில் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஏழு ஆண்டு நீரும் ஒரே நாளில் போயிருக்காது.

மீன் உரிமையைக் குத்தகைக்கு விடுவதற்கு முன்பே, கம்பாலா காலத்தில் உருவான மீனவர் சங்கத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கியிருக்கலாம். கடலில் மீன் இல்லாத ஆண்டுகளில் ஊரில் நின்றவர்கள் அவர்கள். மீன் வந்தபின் அவர்கள் கூலிக்காரர்களாக மாறியது தவிர்த்திருக்கக்கூடியது.

அணைக்கு மேலே நடப்பதன் மீதான பிடி இன்னும் பலவீனமானது. டோக்டோகுல் எப்போது நீர் விடும், உஸ்பெக் வயல்கள் எவ்வளவு எடுக்கும் என்பவை ஆண்டுதோறும் பேசித் தீர்க்கப்படுகின்றன. 2020களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது சிறு கடல் மீண்டும் இறங்கியது. பிறகு நீர் விடுவிப்பைக் கூட்டி மட்டத்தை மீட்டார்கள்.

இரண்டாம் கட்டம் இருபது ஆண்டாகப் பேச்சிலேயே நிற்கிறது. கோக்கரல் அணையையே உயர்த்துவது ஒரு வழி. சரிஷிகனாக் விரிகுடாவின் வாயில் தனியாக ஓர் அணை கட்டி, சிர் தாரியாவிலிருந்து கால்வாய் வெட்டி அந்த விரிகுடாவை மட்டும் நிரப்புவது இன்னொரு வழி. முதலாவது முழுச் சிறு கடலுக்கும் அதன் எல்லாக் கிராமங்களுக்கும் பயன்படும். இரண்டாவது, கடலை ஆரல்ஸ்க் துறைமுகத்துக்கே கொண்டுவரும். மாவட்டத் தலைநகரத்தில் இரண்டாவதற்கு ஆசை அதிகம் இருப்பதில் வியப்பில்லை. கரையோரக் கிராமத்து மீனவர்களின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் முதலாவதே நியாயமானது என்பது என் கருத்து. அணையை 2 மீட்டர் உயர்த்தி 44 மீட்டர் மட்டத்துக்குக் கொண்டுபோகும் யோசனையை அரசு இப்போது முன்வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் 100 கிலோமீட்டர் அளவுக்கு விலகிப் போயிருந்த கரை, இப்போது ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது.